மாத்திரையின் கோபம்

பிப்ரவரி 11

அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். அதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியைப் படிக்காமல் பஸ் ஏறிவிடுவாய். வலிப்பு வரவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், மாத்திரை போட்டேன். போதுமா?

உன் போனை எடுக்காததற்குக் காரணம் வேறு. போனில் நீ என் பேச்சைக் கேட்பதில்லை. என் நாக்கைக் கேட்கிறாய். குழறுகிறதா, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இடைவெளி நீள்கிறதா என்று காதைத் தீட்டி வைத்துக்கொண்டிருக்கிறாய். ஒரு நொடி யோசிக்க நிறுத்தினால் "என்ன? என்ன ஆச்சு? பேசு, பேசு" என்கிறாய். கடிதத்தில் நான் எவ்வளவு நேரம் நிறுத்தினாலும் உனக்குத் தெரியப்போவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுது.

குளியலறைத் தாழ்ப்பாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. எனக்கு முதன்முதலில் வலிப்பு வந்தபோது அப்பா எல்லாவற்றையும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டார். அதன்பிறகு நான் குளிக்கும்போதெல்லாம் பாட வேண்டும் என்பது சட்டம். பாட்டு நின்றால் கதவு திறக்கும். சோப்பு நுரை வாய்க்குள் போய்விடுமே என்று வாயை மூடினாலும் கதவு திறக்கும். பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்து நான்கு வயதுவரை அப்படிக் குளித்தவளுக்குப் பாட்டு என்றாலே ஏன் பிடிக்காமல் போனது என்று அத்தான் ஒருமுறை கேட்டார். அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

இந்த அறைக்கு வந்து நான் முதலில் வாங்கியது அந்தத் தாழ்ப்பாள். சாதாரணமானது அல்ல. வெளியிலிருந்து ஒரு நாணயத்தை வைத்துத் திருகினால் திறந்துகொள்ளும். கீழே இருக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கு எப்படித் திறப்பது என்று செய்து காட்டியிருக்கிறேன். ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் குளிக்கிறேன். நீ கேட்டிருந்தால் உனக்கும் காட்டியிருப்பேன். நீ கேட்கவில்லை. இங்கே வந்து தங்கியிருந்தபோது, நான் பல் செட் செய்யும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கத்தரி முனையால் திருகாணிகளைக் கழற்றி வைத்திருந்தாய். வந்து பார்த்தால் கதவில் நான்கு ஓட்டைகள்.

அதைப் பார்த்ததும் கோப்பையைச் சுவரில் எறிந்தது தப்பு. "இந்த நோய் உனக்கு வந்திருக்கணும், அப்பத் தெரியும்" என்று நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று தினமும் யோசிக்கிறேன். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

இந்த அறையை விட்டு நான் வரமாட்டேன். அம்மாவிடமும் சொல்லிவிடு.

உன் தங்கை


பிப்ரவரி 19

கடுகு,

உன் கடிதத்தைக் கொடுத்த தபால்காரர், "இந்தக் காலத்துல யாரும்மா கடுதாசி போடறாங்க?" என்று கேட்டார். "என் தங்கச்சி. நேர்ல திட்டினது பத்தலையாம், எழுத்துலயும் வேணுமாம்" என்றேன். சிரித்துக்கொண்டே போனார். எனக்குத்தான் உறையைப் பிரிக்கக் கை வரவில்லை.

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. துணியில் சாக்பீஸால் கோடு போட்டுத்தான் பழக்கம். தப்பாகப் போட்டால் தட்டிவிடலாம். இதில் அடிக்க வேண்டியிருக்கிறது. மேலே இரண்டு இடத்தில் அடித்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே.

நாணயத்தால் திறக்கிற தாழ்ப்பாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தாழ்ப்பாள் என்றால் தாழ்ப்பாள்தான். நீ குளியலறைக்குள் இருந்தபோதுதான் முதல் வலிப்பு வந்தது. அப்பா தோளால் இடித்துக் கதவை உடைத்தார். அந்தச் சத்தத்தை நீ கேட்கவில்லை, நாங்கள் கேட்டோம். உள்ளே நீ கிடந்த கோலத்தை நீ பார்க்கவில்லை. யோசித்துப் பார், உனக்கு வந்த வலிப்பில் ஒன்றைக்கூட நீ பார்த்ததில்லை. நான் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன். எழுந்ததும் நீ "என்ன ஆச்சு?" என்று கேட்பாய். எங்களுக்கு அது தேவையே இல்லாத கேள்வி.

நான் வெட்டும் மேசையில் நிற்கிறவள். பள்ளிச் சீருடைத் துணியை நாற்பது மடிப்பு ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு மெஷினை இறக்குகிறேன். கை ஒரு நூல் விலகினால் நாற்பது பிள்ளைகளுக்கும் கழுத்து கோணல். போன வாரம் விலகியது. முதலாளி, "என்னம்மா, பிள்ளைங்கெல்லாம் தலையைச் சாய்ச்சுக்கிட்டே பாடம் படிக்கணுமா?" என்றார். நீ என் போனை எடுக்காத நாள் அது.

அதனால் ஒன்று கேட்கிறேன். போன் வேண்டாம், சரி. காலையில் எழுந்ததும் போனில் எனக்கு ஒரு புள்ளி அனுப்பு. சொல் வேண்டாம், வணக்கம் வேண்டாம். ஒரே ஒரு புள்ளி. நீ எழுந்துவிட்டாய் என்று தெரிந்தால் என் கை நிற்கும்.

நீ சொன்னதை நான் மறந்துவிட்டேன். கோப்பை உன் கோப்பைதானே.

அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு இருக்கிற கவலைக்கு இடம் பத்தாமல்தான் என்னிடம் கொடுத்து வைத்திருக்கிறாள்.

அக்கா


மார்ச் 3

அக்கா,

புள்ளி வருகிறதல்லவா? ஒப்புக்கொண்டேன் என்பதற்கு அதுதான் பதில்.

இன்று எழுதுவது வேறு விஷயம். நிதானமாகப் படி. தயவுசெய்து உட்கார்ந்து படி.

பழைய டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய இடத்துக்கு ஒரு பெண் டாக்டர் வந்திருக்கிறார். பழையவர் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார், "வந்துச்சா?" இல்லை என்றால், "வெரி குட், அதே மாத்திரை." ஒன்றரை வருடமாக நான் வெரி குட். இவரும் அதைக் கேட்டார். பிறகு, "மனசு எப்படி இருக்கு?" என்றார்.

நான், "நல்லாருக்கேன்" என்றேன்.

"அது நான் கேட்டதுக்குப் பதில் இல்லையே. காலையில கண்ணு முழிச்சதும் முதல்ல என்ன வருது?"

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. எரிச்சல் வருகிறது என்றேன். குழாய் சொட்டினால் எரிச்சல். யாராவது காகிதத்தைக் கசக்கினால் எரிச்சல். அது போனதும் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று ஒரு கேள்வி வருகிறது என்றேன். "உயிரோட இருக்க வேணாம்னு தோணியிருக்கா?" என்று நேராகக் கேட்டார். பஸ் வருமா என்று கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டார். அதனால் சொல்ல முடிந்தது. சில நாள் தோன்றியிருக்கிறது, செய்ய நினைத்ததில்லை என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். அப்படித் தோன்றினால் உடனே அழைக்க ஒரு எண் கொடுத்தார். வைத்திருக்கிறேன். நீ பயப்படுவாய் என்று தெரிந்தும் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இதைத்தான் ஒன்றரை வருடமாக உன்னிடம் சொல்லவில்லை.

இந்த மாத்திரை வலிப்பை நன்றாக நிறுத்தும், ஆனால் சிலருக்குக் கோபத்தையும் சோர்வையும் கொண்டுவந்துவிடும் என்றார். எல்லோருக்கும் இல்லை, சிலருக்கு. வேறு மாத்திரை இருக்கிறது. சட்டென்று மாற்றக் கூடாது. புதியதை ஏற்றிக்கொண்டே பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். அந்த நடுவில் வலிப்பு திரும்பி வரலாம். வராமலும் போகலாம்.

வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னை ஆட்டிப் படைப்பது இதுதானா? அப்படியானால் அன்று கோப்பையை எறிந்தது யார்? பழைய நான் எப்படி இருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. புத்தகம் படித்தால் எந்தப் பாத்திரம் ஏன் கோபப்படுகிறது என்று பக்கம் பக்கமாக எனக்குப் புரியும். என் கோபத்துக்கு ஊர் பேர் தெரியவில்லை.

மாற்றலாம் என்று நினைக்கிறேன். பயமாக இருக்கிறது.

கடுகு


மார்ச் 9

கடுகுக் கண்ணே,

உட்கார்ந்துதான் படித்தேன். படித்ததும் எழுந்துவிட்டேன். அந்த எண் எழுதிய காகிதத்தைச் சமையல் மேடைக்கு மேலே ஒட்டு. பர்சுக்குள் ஒன்று, வேலை மேசையில் ஒன்று. எனக்கும் அனுப்பு. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். சொன்னால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியும்.

ஆனால் ஒன்று. அன்று பேசியது நீ இல்லை! மாத்திரை! அத்தானிடம் ஓடிப்போய்ச் சொன்னேன், "பாருங்க, எங்க கடுகுக்கு அப்படிப் பேசத் தெரியுமா? நான் அப்பவே சொன்னேன்ல?" அவர், "நீ அப்ப அழுதுக்கிட்டுதான் இருந்தே" என்றார். அவருக்கு எல்லாம் நினைவிருக்கும், பால் வாங்கி வரச் சொன்னதைத் தவிர.

எல்லாவற்றையும் மன்னித்துவிட்டேன். மனதிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கிவிட்டது. நீ அதைப் பற்றி இனி யோசிக்கவே வேண்டாம்.

அடுத்தது. மாத்திரையை மாற்ற வேண்டாம் என்று சொல்ல வாய் வருகிறது. ஒன்றரை வருடமாக விழவில்லை. நல்ல உடம்பைச் சொறிந்து புண்ணாக்குவானேன்? கொஞ்சம் எரிச்சல்தானே, யாருக்கு இல்லை? இப்படி எழுதிவிட்டு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். அந்தக் கேள்வி இருக்கிற இடத்தில் கண் நின்றது. வேண்டாம் என்று சொல்லும் தைரியம் போய்விட்டது.

மாற்று. ஆனால் இங்கே வந்து மாற்று. இரண்டு மாதம் லீவு போடு. உன் பல் செட்டுகள் ஓடிப்போகாது. வரமாட்டாய், தெரியும். அப்படியானால் ஒரு ஒப்பந்தம். ஒரே ஒரு வலிப்பு வந்தாலும் நான் வருவேன், நீ அறையைக் காலி செய்துவிட்டு என்னோடு கிளம்ப வேண்டும். வாதாடக் கூடாது. சரி என்று எழுது. சரி என்று எழுதினால்தான் நான் தூங்குவேன். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் இருப்பது?

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

சரி.

எழுதிவிட்டேன். ஒரு வலிப்பு வந்தால் கிளம்புகிறேன்.

புதிய மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரமாகிறது. பழையது பாதியாகிவிட்டது. இந்த நாட்கள் எப்படி என்று கேட்டாயானால் இப்படித்தான் சொல்வேன். கண்ணிமை துடித்தால் நிற்கிறேன். கையிலிருந்து எதையாவது நழுவவிட்டால், நழுவியது கையா மூளையா என்று பார்க்கிறேன். சாலையைக் கடக்கும்போது நடுவில் வந்துவிட்டால் என்று நினைத்து, கடப்பதற்கு முன் ஒருமுறை என் பெயரையும் கிழமையையும் மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். வந்தால் அரை நிமிடமோ இரண்டு நிமிடமோ. வராத நேரம் முழுவதும் அதற்காகக் காத்திருப்பதிலேயே போகிறது. வலிப்பில்லாத ஒன்றரை வருடமும் அப்படித்தான் போயிற்று என்று இப்போதுதான் தெரிகிறது.

வேலை இடத்தில் முதலாளியிடம் மாத்திரை மாறுவதைச் சொன்னேன். அவர் தாடையைத் தடவிக்கொண்டு, "விளக்கு வேணாம்" என்றார். மெழுகை உருக்கும் ஸ்பிரிட் விளக்கை எடுத்துவிட்டு, கரண்டில் சூடாகும் மெழுகுக் கத்தியைக் கொடுத்தார். சுழலும் மோட்டார் பக்கமும் போக வேண்டாம் என்றார். அவ்வளவுதான். அனுதாபமாக ஒரு வார்த்தை இல்லை. எவ்வளவு நிம்மதி தெரியுமா?

பக்கத்து மேசைக்காரி மட்டும், "வந்தா நான் என்ன செய்யணும்னு இப்பவே சொல்லிடு. அப்புறம் படுத்துக்கிட்டு எனக்குக் கிளாஸ் எடுக்க முடியாது" என்றாள். பக்கவாட்டில் திருப்பு, வாயில் எதையும் திணிக்காதே, நீண்டுகொண்டே போனால் ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்றேன். "வாயில எதையும் திணிக்கக் கூடாதா? நாள் பூரா ஊர் வாய்க்கெல்லாம் பல்லு செஞ்சு திணிக்கிறோம், உனக்கு மட்டும் விதிவிலக்கா?" என்றாள். சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் கவனித்தேன். உண்மையான சிரிப்பு. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

குழாய் இன்னும் சொட்டுகிறது. எனக்கு இப்போது அது கேட்பதே இல்லை.

ஒரு குறை. காலையில் கண் திறந்ததும் நான் எழுந்துவிட்டேன் என்பது எனக்குத் தெரிவதற்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. புரண்டு படுத்து இன்னும் கொஞ்சம் தூங்கலாம் என்றால் அந்தப் புள்ளி ஞாபகம் வருகிறது. உன் பயத்துக்கு மாத்திரை போடுவது போல அதை அனுப்புகிறேன்.

இன்னொன்று, நீ என்னை அவ்வளவு சீக்கிரம் மன்னித்திருக்க வேண்டாம்.

கடுகு


ஏப்ரல் 27

கடுகு,

மூன்று வாரமாகக் கடிதம் இல்லை. முன்பென்றால் இந்நேரம் உன் வாசலில் நின்றிருப்பேன். இப்போது நிற்கவில்லை, பார். ஏனென்றால் புள்ளி வருகிறது. முதலில் ஆறே முக்காலுக்கும் வரும், எட்டரைக்கும் வரும், எட்டரைக்கு வரும் நாளில் நான் பாதி செத்திருப்பேன். இப்போது ஏழு மணிக்கு டாண் என்று வந்துவிடுகிறது. புது மாத்திரை உனக்கு ஒழுங்கையும் கற்றுக் கொடுத்துவிட்டது போலிருக்கிறது. அத்தான் அதைப் பார்த்துத்தான் கைக்கடிகாரத்தைச் சரி செய்கிறார்.

ஒன்று சொன்னால் சிரிப்பாய். நேற்று ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தானும் சினிமாவுக்குப் போனோம். போனை அணைத்துவிட்டேன். அணைத்தே விட்டேன்! இடைவேளையில் அவர், "என்ன, பக்கத்துல வேற யாரோ உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு. என் பொண்டாட்டி எங்க?" என்றார். படம் மகா மட்டம். எனக்குப் பிடித்திருந்தது. எத்தனையோ வருடமாக ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டேதான் தூங்கியிருக்கிறேன், நீ வேறு ஊருக்குப் போன பிறகும். இப்போது இரண்டும் மூடுகின்றன.

அம்மாவிடம் மாத்திரை மாற்றத்தைச் சொல்லிவிட்டேன். "அவ சிரிக்கிறாளா?" என்று மட்டும் கேட்டாள். சிரிக்கிறாள் என்றேன். உன் கடிதத்தைக் காட்டவில்லை, அந்தச் சிரித்த இடத்தை மட்டும் படித்துக் காட்டினேன்.

எப்போது எழுதுவாய்? என்மேல் கோபமா? கோபமாக இருக்க முடியாதே, அதுதான் மாத்திரையோடு போய்விட்டதே.

அக்கா


மே 6

அக்கா,

இந்தக் கடிதத்தை எழுதக் கூடாது என்று பத்து நாளுக்கு மேல் இருந்தேன். உன் சினிமாக் கடிதம் வந்த பிறகு இருக்க முடியவில்லை.

ஏப்ரல் 22ஆம் தேதி காலை எனக்கு வலிப்பு வந்தது.

எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். முந்தின நாள் சரியாகத் தூங்கவில்லை. விழித்தபோது கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன். வாயில் இரத்தத்தின் ருசி. நாக்கின் ஓரத்தைக் கடித்திருந்தேன். வெயில் சுவரில் பாதிவரை இறங்கியிருந்தது. எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. நான் வேலைக்கு வரவில்லையே என்று பக்கத்து மேசைக்காரி வந்து வீட்டுக்கார அம்மாவோடு மேலே ஏறியபோது நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். "என்ன ஆச்சு?" என்று கேட்டேனாம். அதே கேள்வி. அவள்தான் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் புதிய மாத்திரையின் அளவை ஏற்றியிருக்கிறார். இறக்கும் வேகத்தைக் குறைத்திருக்கிறார். பழையதற்கே திரும்பிப் போகட்டுமா என்று கேட்டேன். "அது நீங்க சொல்லணும். அப்படி இருக்கிறது பிடிச்சிருந்துதா?" என்றார். இல்லை என்றேன்.

அக்கா, அன்று காலையும் ஏழு மணிக்கு உனக்குப் புள்ளி வந்திருக்கும்.

அதை நான் அனுப்பவில்லை. ஏப்ரல் முதல் வாரத்திலிருந்தே நான் அனுப்பவில்லை. தினமும் ஏழு மணிக்குத் தானாகப் போகும்படி போனில் வைத்துவிட்டேன். எனக்குக் காலையில் கொஞ்சம் புரண்டு படுக்க வேண்டும் என்பதற்காக. உனக்கும் தாமதமில்லாமல் கிடைக்கிறதே, இருவருக்கும் நல்லதுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் தரையில் கிடந்தபோது போன் தலையணைக்கு அடியிலிருந்து உனக்கு நான் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. மறுநாளும் சொன்னது. அணைக்கத் தைரியமில்லை. அணைத்தால் கேட்பாய். இன்று அணைத்துவிட்டேன்.

இதை மாத்திரை செய்யவில்லை. நான் செய்தேன்.

அதைத்தான் சொல்ல வேண்டும். பழைய மாத்திரை இப்போது அநேகமாகப் போய்விட்டது. அதோடு குழாய்மேல் இருந்த கோபம் போனது, காகிதச் சத்தத்தின் மேல் இருந்தது போனது, காலையில் வரும் அந்தக் கேள்வி போனது. வலிப்பு வந்த பிறகும் அந்தக் கேள்வி திரும்பவில்லை. ஒவ்வொன்றாகப் போகப் போக, எது மிச்சமிருக்கும் என்று காத்திருந்தேன். ஒன்று மிச்சமிருக்கிறது. நீ என்னைக் கேட்காமல் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றினாய். அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. தெளிவான தலையோடு, நல்ல தூக்கத்துக்குப் பிறகு, சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதுகூட. அந்தக் கோபம் என்னுடையது.

"உனக்கு வந்திருக்கணும்" என்று சொன்னதும் என்னுடையதுதான். பல வருடமாக எனக்குள் இருந்தது. வாயைத் திறந்துவிட்டது வேண்டுமானால் மாத்திரையாக இருக்கலாம். சொன்னதற்காக வெட்கப்படுகிறேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் நீ ஏற்கெனவே மாத்திரையை மன்னித்து அனுப்பிவிட்டாய். எனக்கென்று எதையும் மிச்சம் வைக்கவில்லை. நான் எது செய்தாலும் அது நோய், இல்லாவிட்டால் மருந்து. அப்படியானால் நான் எங்கே இருக்கிறேன்?

ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஒரு வலிப்பு வந்துவிட்டது. நீ வந்தால் வாதாட மாட்டேன். துணிகளை மடித்து வைத்திருக்கிறேன். முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நீயோ என்று எட்டிப் பார்க்கிறேன்.

கடுகு


மே 15

கடுகு,

இதற்கு முன் ஒரு கடிதம் எழுதிக் கிழித்தேன். அதில் "பரவாயில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்" என்று இருந்தது. பரவாயில்லை என்பது பொய். எனக்குப் பரவாயிருக்கிறது.

அன்று காலை ஏழு மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? புள்ளியைப் பார்த்து அத்தானிடம், "எங்க கடுகு எழுந்துட்டா" என்றேன். அவர், "அவ எழுந்தது இருக்கட்டும், எனக்கு டீ எழுந்துதா?" என்றார். நான் சிரித்தேன். நீ வாயில் இரத்தத்தோடு தரையில் கிடந்தாய், நான் டீ கலக்கிக்கொண்டு சிரித்தேன். நான்கு நாள் கழித்து சினிமா பார்த்தேன். போனை அணைத்தே விட்டேன் என்று உனக்குப் பெருமையாக வேறு எழுதினேன். என்னை முட்டாளாக்கினாய். நீ விழுந்ததற்கு என்னிடம் ஆயிரம் மன்னிப்பு இருக்கிறது, எப்போதும் இருந்திருக்கிறது. என்னை ஏமாற்றியதற்கு ஒன்றுகூட இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

கோப்பையைப் பற்றியும் சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் மறந்துவிட்டேன் என்று எழுதியதும் பொய். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள், "யாராவது தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். மாத்திரை என்று நீ எழுதியதும் அதைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அது வசதி. உன்மேல் கோபப்பட எனக்குத் தெரியாது. பழகவே இல்லை. நீ என் ரிப்பனை வெட்டினாலும் "அவ பாவம்", என் புத்தகத்தைக் கிழித்தாலும் "அவளுக்கு உடம்பு சரியில்ல, நீதான் விட்டுக் கொடுக்கணும்." ஒரு அறை கொடுத்தால் உனக்கு வந்துவிடுமோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டே வளர்ந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. எழுதவா வேண்டாமா என்று நாளெல்லாம் துணியில் கோடு போட்டுக்கொண்டே யோசித்தேன். நீ உன்னுடையதைச் சொல்லிவிட்டாய். ஒவ்வொரு முறை நீ விழும்போதும் ஓடிவந்து உன்னைப் பக்கவாட்டில் திருப்புவேன், தலைக்கடியில் எதையாவது வைப்பேன். அந்த நேரத்தில் என் மனதில் முதலில் வருவது நீ இல்லை. "நல்லவேளை, எனக்கில்லை" என்பதுதான் வரும். அதற்குப் பிறகுதான் நீ. ஒவ்வொரு முறையும். அதனால்தான் "உனக்கு வந்திருக்கணும்" என்று நீ சொன்னபோது எனக்குப் பளார் என்றிருந்தது. கண்டுபிடித்துவிட்டாய் என்று நினைத்தேன். உன் வீட்டுத் தாழ்ப்பாளைக் கழற்றியதும் அதற்கான பரிகாரம்தானோ என்னவோ. எதுவாக இருந்தாலும் உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தப்பு என்னுடையது. இதை நீ மன்னிக்கலாம், மன்னிக்காமலும் இருக்கலாம். அது உன் பாடு.

இப்போது ஒப்பந்தம். உன் கடிதம் வந்த அன்றே லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அம்மா, "போய்க் கையோட கூட்டிட்டு வந்துடு" என்று வாசல்வரை வந்தாள். பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. ஏறினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்ப்பேன், கண் இடுங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன், கோபத்தை விழுங்கிவிடுவேன், உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவேன். நீயும் வாதாடாமல் வருவாய். இரண்டு பேரும் நல்லவர்களாக வாழ்நாள் முழுக்க ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். வேண்டாம்.

நான் வரவில்லை. உன்னை நம்பி விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அதற்கு இன்னும் நாளாகும். உன்மேல் எனக்குக் கோபம், அதனால் வரவில்லை. அம்மாவிடமும் அப்படியே சொன்னேன். "அவகிட்ட போய்க் கோவமா? அவ உடம்பு சரியில்லாதவ" என்றாள். "உடம்பு சரியில்லாதவதான். பொய்யும் சொன்னாம்மா" என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. வீட்டில் ஒரே அமைதி. அத்தான் மட்டும் இரண்டு பக்கமும் தூது போய் இளைத்துவிட்டார்.

வெட்டும் மேசையில் கை மறுபடி விலகிவிட்டது. மெஷினை வேறொருத்தி பிடிக்கிறாள், நான் கோடு மட்டும் போடுகிறேன். நீ இப்போது எழுந்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே காலை போகிறது. மதியமும் போகிறது. இது பழகுமா என்று தெரியவில்லை. பழகாவிட்டாலும் வரமாட்டேன்.

அடுத்தமுறை டாக்டரிடம் போகும்போது அந்த மேசைக்காரியைக் கூட்டிக்கொண்டு போ. அவள் வாய்த்துடுக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. என்னைக் கூப்பிடாதே. மடித்து வைத்த துணியையெல்லாம் எடுத்து அலமாரியில் வை. கோபம் தீர்ந்ததும் நானே வருவேன். இந்த மாதம் தீராது. எழுதுவதானால் எழுது, உடனே பதில் வரும் என்று எதிர்பார்க்காதே.

நாக்குப் புண் ஆறிவிட்டதா? இதையும் கோபமாகத்தான் கேட்கிறேன்.

அக்கா